படப்பைக்கு வந்து சேர்ந்த பர்மா பஜார்

சாயங்கால நேரம். ஒரகடத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்கள் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஊர்ந்து வந்து படப்பையில் ஆட்களை இறக்கிவிடுகின்றன. டீக்கடை ஓரம் நிற்கும் இளைஞர்கள் பலரின் கண் செல்போனில். சிலர் ரீல்ஸ் பார்க்கிறார்கள், சிலர் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், கேமில்தான்!

இருபது வருஷத்துக்கு முன்பு, படப்பைப் பையனுக்கு ஒரு கம்ப்யூட்டர் கேம் வேண்டுமென்றால் அது ஒரு நாள் பயணம். முடிச்சூர் வழியாக தாம்பரத்துக்கு பஸ். அங்கிருந்து மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன். வெளியே வந்தால் பர்மா பஜார். 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக உருவான கடை வரிசை அது. அங்கே கிடைத்த கேம் சிடிக்களில் பெரும்பாலானவை திருட்டு சிடிதான். விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். ஒரிஜினலின் விலை அப்படி. பேரம் பேசி வாங்கி வந்து போட்டால், சில சமயம் ஓடாது. ஓடிவிட்டாலோ, அந்த ஒரே சிடி தெருவையே சுற்றி வரும்.

இன்று அந்தப் பயணம் இல்லை. 2003-ல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் தொடங்கிய 'ஸ்டீம்' என்ற இணையக் கடையில் பணம் கட்டினால், கேம் நேராக வீட்டு கம்ப்யூட்டரில் இறங்கிவிடும். ஆனால் அந்தக் கடையும் ரொம்ப நாள் டாலரில்தான் விலை சொன்னது. 60 டாலர் கேம் என்றால் ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய்; மாதச் சம்பளக்காரர் வீட்டில் மளிகை பில். 2015 நவம்பரில்தான் ரூபாயில் விலை வந்தது. நாட்டுக்கு நாடு எவ்வளவு வைக்கலாம் என்று ஸ்டீம் ஒரு பட்டியல் தருகிறது. முடிவு கேம் நிறுவனத்துடையது. அதனால் சில கேம்கள் அமெரிக்காவைவிட இங்கே மலிவு. சில பெரிய நிறுவனங்களோ டாலர் கணக்கிலிருந்து இறங்குவதே இல்லை. நாலாயிரத்தைத் தாண்டிய விலைகள் இன்றும் உண்டு.

அதனால்தான் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஸ்டீமின் கோடைத் தள்ளுபடி பெரும்பாலும் ஜூன் கடைசியில் தொடங்கும். தி.நகர் ஜவுளிக்கடைகளின் ஆடித் தள்ளுபடிக்குக் கொஞ்சம் முன்னால். அம்மா புடவைக்குக் காத்திருப்பதும் பையன் கேமுக்குக் காத்திருப்பதும் ஒரே கணக்குதான். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கிறது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் வாபஸ். படப்பையிலிருந்து பீச் போய்ச் சேரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும்!

லாபம் படப்பைக்கு மட்டும் இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைச் சுற்றி, டொரண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா' 2023 ஜூலையில் வெளியானது. இட்லி ஊற்றுவதுதான் அதில் முதல் ஆட்டமே. பர்மா பஜார் காலமாக இருந்தால் இப்படியொரு சிறிய கேமை சிடி போட்டுக் கப்பலேற்ற யார் முன்வந்திருப்பார்கள்? இணையக் கடைகள் வழியாக அது உலகம் முழுக்கப் போனது. 2024-ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. கடைக்காரர் பங்கும் சின்னதல்ல. ஸ்டீம் வழக்கமாக எடுப்பது விற்பனையில் 30 சதவீதம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய சிடிக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். கலிஃபோர்னியாவின் புதிய சட்டத்தை ஒட்டி, 2024 அக்டோபரில் ஸ்டீம் தன் பணம் கட்டும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தது: நீங்கள் வாங்குவது கேமை அல்ல, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை. விளையாடி முடித்த கேமைப் பாதி விலைக்குத் தள்ள முடியாது. குடும்பத்துக்குள் பகிர வசதி உண்டு. எதிர் வீட்டு நண்பனிடம், "முடிச்சிட்டுக் குடுடா" என்று நீட்ட முடியாது.

பீரோ மேல் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பழைய சிடியை இன்றும் யாருக்கும் கொடுக்கலாம். என்ன, அதைப் போட்டுப் பார்க்க இப்போதைய லேப்டாப்பில் இடம் இல்லை.