கட்சிரோலிக் காட்டின் மருத்துவச்சிகள்

சென்ற மாதம் அலுவல் நிமித்தமாக வட்சா ரயில் நிலையத்திற்குச் சென்றிருந்த நான், கிடைத்த இரண்டு நாள் ஓய்வில் பேருந்தேறிக் கட்சிரோலியைக் கண்டு வந்தேன்.

மகாராஷ்டிரத்தின் கிழக்கெல்லையில், 1982-ல் சந்திரபூரிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. தேக்கும் மூங்கிலும் இலுப்பையும் அடர்ந்த காடு. இடையிடையே கோண்டு மக்களின் சிற்றூர்கள். தெற்கே, பர்லகோட்டா ஆற்று வெள்ளத்தால் பாம்ராகட் பன்முறை துண்டிக்கப்பட்டதுண்டு. வெள்ளம் வடியும்வரை பேறுகால வேதனை காத்திருக்குமா?

தானோரா சாலையில் உள்ளது சோத்கிராம். டாக்டர் அபய் பங், அவர் துணைவியார் டாக்டர் ராணி பங் இருவரும் 1986-ல் தொடங்கிய 'சர்ச்' நிறுவனத்தின் இருப்பிடம் அது. மருத்துவமனை ஆதிவாசிகளின் தெய்வமான தந்தேசுவரியின் பெயர் தாங்கியது.

ராணி அம்மையார் இரண்டு சிற்றூர்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார். நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்மை சார்ந்த நோய். முன்னர் பரிசோதனை செய்துகொண்டவரோ நூற்றுக்கு எண்மரே! பின்னர், 39 ஊர்களில் கிராமப் பெண்களுக்குப் பச்சிளங்குழவிகளைப் பேணும் பயிற்சி அளிக்கப்பட்டது. மருத்துவச்சிகளும் உடன் சேர்க்கப்பட்டனர். மூன்றாம் ஆண்டில், பயிற்சியில்லா ஊர்களை நோக்க, பிறந்த ஒரு திங்களுக்குள் மாளும் சிசுக்கள் நூற்றுக்கு 62 குறைந்ததாக 1999-ல் அவர்கள் எழுதினர். 2011-ல் இம்முறையை நடுவண் அரசும் மேற்கொண்டது.

வழியில் ஒரு சிற்றூரில், பயிற்சி பெற்ற முதிய மருத்துவச்சி ஒருத்தியைச் சந்தித்தேன். "உதிரம் மிகுந்தால் இப்போது நான் காத்திருப்பதில்லை, தம்பி. உடனே வண்டிக்கு ஆளனுப்பி விடுவேன். முன்பு இதை எனக்கு யார் சொன்னார்கள்?" என்றாள்.

அவ்வினா என் நெஞ்சைத் தைத்தது. என் தமக்கையின் தலைப்பிள்ளை எங்களூர் மருத்துவச்சியின் கையில் மாண்டது. அவளைப் பல்லாண்டுகள் தூற்றினோம். அவள் எங்கள் தெருவில் நடப்பதையும் விட்டாள். அவளுக்கு ஒருநாளேனும் கற்பித்தவர் உண்டா என்று நாங்கள் கேட்டதில்லை.

நம் நாட்டில் இன்று பிரசவங்கள் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன, அது நன்றே. ஆயினும் சாலையும் மருத்துவரும் இல்லாத காலத்தில், நள்ளிரவில் அழைத்தாலும் விளக்கேந்தி வந்தவள் அவளே. 'மருத்துவச்சி' என்ற பெயரைத் தந்த தமிழர், கற்க வாய்ப்பைத் தரவில்லை.

இவ்விடுமுறையில் ஊர் செல்லும்போது, முதலில் அவள் வாயிலுக்கே செல்ல எண்ணியிருக்கிறேன்.