ஒரே வீட்டில் இருக்கலாமா விதை?

கொச்சிக்காய் இல்லாத குசினியை நம்மவர் வீடுகளில் காண முடியுமா? காலையில் சம்பலுக்குச் செத்தல், பகல் கறிக்குத் தூள், இரவில் சுண்டலுக்குப் பச்சைக் கொச்சிக்காய் என்று மூன்று வேளையும் அதன் கையில்தான் நம் சமையல் இருக்கிறது. நாம் கடையில் வாங்கும் செத்தலில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருகிறது. அதில் ஆந்திரத்தின் குண்டூர்ப் பக்கத்துக் காய் காரத்துக்குப் பேர் போனது.

காரத்தை அளப்பதற்கு 1912 இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் ஒரு கணக்கு முறையை ஏற்படுத்தினார். அந்தக் கணக்கில் குண்டூர்க் காய்க்கு ஏறத்தாழ 35,000 முதல் 40,000 வரை கிடைக்கும். ஆனால் அதே இந்தியாவின் வடகிழக்கு மூலையில், 10 லட்சத்தைத் தாண்டும் கொச்சிக்காய் ஒன்று ஏழைகளின் வீட்டு வளவுகளில் சாதாரணமாகக் காய்த்துக் குலுங்குகிறது. அஸாமில் அதற்குப் பூத் ஜொலோகியா என்று பெயர். பக்கத்து நாகலாந்தில் நாகா மிர்ச்சா என்றும் ராஜா மிர்ச்சா என்றும் சொல்வார்கள்.

தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை என் கணவருக்கு. அந்த வேலையின் பொருட்டு 2021 இன் இறுதியில் நாங்கள் அஸாமின் நகாவ்ன் மாவட்டத்துக்குப் போனோம். இரண்டு பிள்ளைகளோடு, மொழி தெரியாத ஊரில், மேட்டு நிலத்தில் இருந்த ஒரு சிறிய குவாட்டர்ஸில் எங்கள் வாழ்க்கை ஆரம்பமானது. கீழே கொபிலி ஆற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோழி முட்டையும் கீரையும் கொண்டுவந்து விற்கும் ஒரு பெண்மணிதான் எனக்கு அங்கே கிடைத்த முதல் உறவு. அவரும் முஸ்லிம் பெண்தான், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். மூத்த சகோதரியை அஸாமியர் ‘பைதேவ்’ என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவருக்கும் எனக்கும் தெரிந்த அரைகுறை ஹிந்தி எங்கள் இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

ஒருநாள் பைதேவ் முட்டைக் கூடைக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துத் தந்தார். உள்ளே இரண்டே இரண்டு சிவந்த பழங்கள். இரண்டரை அங்குல நீளம் இருக்கும். தோல் வழவழப்பாக இல்லை, சுருங்கிச் சொரசொரப்பாக இருந்தது. “குழம்பில் முழுதாகப் போட்டுக் கொதிக்கவிட்டு, உடையாமல் எடுத்துவிடு. வாசம்தான் வேண்டும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வை” என்றார். அவர் வீட்டில் மூங்கில் குருத்தைப் புளிக்கவைத்து, இந்தக் கொச்சிக்காயையும் கடுகெண்ணெயையும் சேர்த்து ஊறுகாய் போடுவார்களாம். ஒரு போத்தல் ஊறுகாய்க்கு இரண்டு மூன்று பழம் தாராளம்.

இந்தப் பழம் உலகப் புகழ் பெற்றது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அஸாமின் தேஸ்பூரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் 2000 ஆம் ஆண்டில் இதன் காரம் 8 லட்சத்து 55 ஆயிரம் என்று எழுதினார்கள். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் விதையிலிருந்து வளர்த்துச் சோதித்தபோது 10 லட்சத்துக்கு மேல் வந்தது. 2007 இல் உலகின் மிகக் காரமான கொச்சிக்காய் என்று கின்னஸில் இடம்பிடித்தது. 2011 இல் அந்தப் பட்டம் வேறு இனங்களுக்குப் போய்விட்டது. 2023 இல் அமெரிக்காவின் ‘பெப்பர் எக்ஸ்’ 26 லட்சத்து 93 ஆயிரம் காட்டியது. ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் ஆட்கள் இனங்களைக் கலந்து உண்டாக்கியவை. பூத் ஜொலோகியாவோ தலைமுறை தலைமுறையாக மலைவாழ் மக்களும் கிராமத்துப் பெண்களும் விதை எடுத்துக் காப்பாற்றி வந்தது. நாகலாந்தின் ராஜா மிர்ச்சாவுக்கு 2008 இல் இந்தியாவின் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021 ஜூலையில் முதன்முறையாக லண்டனுக்கும் ஏற்றுமதியானது.

பழத்தைக் கறிக்குப் பயன்படுத்தியபின் விதையை வீசிவிட எனக்கு மனம் வரவில்லை. விதை எடுக்கும் முறையைப் பைதேவே சொல்லித் தந்தார். முதலில் கைக்குப் பிளாஸ்டிக் உறை. காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் இருக்கிறது. விதையைத் தொட்டாலே அந்தச் சவ்வின் சாறு விரலில் படும். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே கையில் பட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, அதன் பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது, பாலோ தயிரோ குடிக்க வேண்டும். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை நெடுநேரம் ஊற்றிக் கழுவி, தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். யார் அதிகம் தின்பது என்று இளம் பிள்ளைகள் பந்தயம் கட்டுவதற்கு மட்டும் இது ஏற்ற பண்டமே அல்ல.

பதினெட்டு விதைகள் தேறின. நிழலில் காயவைத்து, 2022 பெப்ரவரி ஆரம்பத்தில் விதைத்தேன். யோகட் கோப்பை அளவான பாத்திரங்களின் அடியில் துளையிட்டு, சலித்த கூட்டெருவும் மணலும் கலந்து நிரப்பி, கால் அங்குல ஆழத்தில் ஒவ்வொரு விதையாக வைத்தேன். சாதாரணக் கொச்சிக்காய் பத்து நாளில் முளைத்துவிடும். இது அப்படியல்ல. மூன்று வாரம், சிலவேளை ஐந்து வாரம்கூட எடுக்கும். மண்ணின் சூடு 27 முதல் 32 பாகை வரை இருந்தால் நல்லது. அஸாமில் பெப்ரவரி இரவுகள் குளிரானவை. ஆதலால் இரவில் கோப்பைகளை அடுப்பின் பக்கத்தில் வைத்து, காலையில் வெயிலுக்கு எடுத்துச் செல்வேன். “உம்மா, இதுவும் ஒரு பிள்ளையா?” என்று என் மகள் கேலி செய்வாள்.

இருபத்திமூன்றாம் நாள் முதல் முளை தலைகாட்டியது. மொத்தம் பதினொன்று வந்தன. அதிகத் தண்ணீரால் தண்டின் அடி அழுகிச் சாயும் நோய் இந்த நாற்றுகளுக்குப் பெரிய எதிரி. எனவே காலையில் மட்டும், தட்டில் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்சவிடுவேன். நாலைந்து இலை வந்ததும் நல்லதாக நான்கைத் தெரிந்தெடுத்துப் பழைய வாளிகளில் நட்டேன். மிகுதியை அயலவருக்குக் கொடுத்தேன். உச்சி வெயிலில் சற்று நிழலும், மாட்டெருவும், சாம்பலும், நீர் வடிவதற்கு வழியும் இருந்தால் செடிக்கு வேறொன்றும் தேவையில்லை.

மே மாத நடுப்பகுதியில் பெருமழை கொட்டியது. மலைப் பக்கத்து வெள்ளம் கொபிலியில் இறங்கியது. 2022 இன் அந்த வெள்ளத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் நகாவ்னும் ஒன்று. எங்கள் மேட்டிலிருந்து பார்த்தால் வயலும் வீதியும் தெரியவில்லை. எங்கும் மண்ணிறத் தண்ணீர். பைதேவின் குடும்பம் ஒரு பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருப்பதாகச் செய்தி மட்டும் வந்தது. என் கணவரும் தொழிற்சாலை ஆட்களும் அரிசியும் பிஸ்கட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஜூன் மாதக் கடைசியில்தான் பைதேவ் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். கையில் கூடை இல்லை. கோழிகள் போயின, ஒரு ஆடு போயிற்று, மண் சுவர் கரைந்துவிட்டது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், குசினியைப் பற்றிச் சொல்லும்போது தடுமாறினார். அடுப்புக்கு மேலே மூங்கில் குழாயில் தொங்கவிட்டிருந்த விதைகளையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வளவில் நின்ற செடிகள் வேர் அழுகிச் செத்துவிட்டன.

“வீட்டைக் கட்டலாம் தங்கச்சி. ஆட்டையும் வாங்கலாம். என் மாமி எனக்குத் தந்த கொச்சிக்காயை நான் எங்கே போய் வாங்குவேன்?”

சந்தையில் பூத் ஜொலோகியா கிடைக்குமே என்று நான் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியாததா? சந்தைப் பழத்தின் விதையில் எது கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் வேறு கொச்சிக்காய் நின்றால் தேனீக்கள் மகரந்தத்தை மாற்றிவிடும். பழம் ஒன்றுபோலவே இருக்கும், அடுத்த ஆண்டு முளைக்கும் செடி வேறாகிவிடும். பைதேவின் மாமி தேடித்தேடி நல்ல செடியில் மட்டுமே விதை எடுத்தவர். மணமகளாக வந்த பைதேவிடம் அவர் ஒப்படைத்த சொத்துகளில் அதுவும் ஒன்று.

நான் அவரை விறாந்தையின் ஓரத்துக்கு அழைத்துச் சென்றேன். நான்கு வாளிகளிலும் செடிகள் முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கணுவுக்கு இரண்டு மூன்றாக மொட்டு விட்டிருந்தன. பைதேவ் கீழே உட்கார்ந்து இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமே பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தச் செடிக்குத் தண்ணீர் கூடிவிட்டது” என்றார்.

அன்றே கிழிந்த நுளம்பு வலையை வெட்டிச் சிறு பைகள் தைத்தோம். மொட்டு விரியுமுன் கிளையை அந்தப் பையால் மூடி, பூத்தபின் காலையில் மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் அதே பூவில் விழுந்து காய் பிடிக்கும். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டினோம். நூல் கட்டிய காய்களைக் கறிக்குப் பறிப்பதில்லை. செப்டம்பரில் அவை செக்கச் சிவந்து பழுத்தன. விதைகளை எடுத்து இரண்டு வாரம் நிழலில் உலர்த்தினோம். வளைத்தால் முறியும் பதம் வரவேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பைதேவ் அந்த விதைகளை மூன்று பங்காகப் பிரித்தார். ஒரு பங்கு தனக்கு. ஒரு பங்கு மேட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகளுக்கு. மூன்றாவது பங்கை என் கையில் தந்து, “நீ போகும்போது மேட்டில் இருக்கும் யாராவது ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் போ” என்றார். 2024 இல் நாடு திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டே வந்தேன். அனுமதிப்பத்திரம் இல்லாமல் விதைகளை நாட்டுக்குள் கொண்டுவருவது சட்டப்படி கூடாது. வெளிநாட்டு விதையோடு செடி நோய்களும் வரக்கூடும்.

அதற்காக நான் கவலைப்படவில்லை. நம் நாட்டில் ‘நை மிரிஸ்’ என்று சந்தையில் விற்கிறார்களே, உருண்டையாக, வாசமுள்ள கொச்சிக்காய், அதுவும் பூத் ஜொலோகியாவும் கப்சிகம் சைனென்ஸ் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. காரத்தில்தான் இது தம்பி. முளைப்பதற்கு அதே தாமதம், வளர்ப்பதற்கு அதே பக்குவம். பைதேவிடம் கற்றதையெல்லாம் இப்போது என் உம்மாவின் வளவில் நை மிரிஸில் செய்து வருகிறேன்.

சகோதரிகளே, உங்கள் வளவிலும் மாமியோ மூத்தம்மாவோ வைத்த ஏதாவது ஒன்று நிற்கும். கொச்சிக்காயோ, கத்தரியோ, அவரையோ, எதுவானாலும் நல்ல செடியில் ஒரு காயை விதைக்கென்று விட்டுவையுங்கள். உலர்ந்த விதையைத் தாளில் மடித்து, இறுக மூடிய போத்தலில், குளிர்ந்த இடத்தில் வைத்தால் கொச்சிக்காய் விதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முளைப்புத் தரும். ஆனால் எல்லாவற்றையும் உங்கள் வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். பத்து விதையை வேறொரு தாளில் மடித்து, இன்ன செடி, இன்ன ஆண்டு என்று எழுதி, வேறு ஊரில் இருக்கும் ஒரு ராத்தாவுக்கோ மச்சிக்கோ கொடுத்துவையுங்கள்.