கிளட்ச் செட் பண்ணும் கை

கிழக்கு டெக்சாஸில் மண் சிவப்பு. ஹூஸ்டனிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் காரில் போனால், பைன் மரக்காடுகளுக்கு நடுவே ஜாக்சன்வில் என்ற சிற்றூர் வரும். ஒரு காலத்தில் தக்காளிக்குப் பேர்போன ஊர். இன்று வார இறுதிகளில் ட்ரெய்லரில் வண்டியை ஏற்றிக்கொண்டு வருபவர்கள் அந்தச் சிவப்புச் சேற்றைத் தேடித்தான் வருகிறார்கள். ‘மட் நேஷனல்ஸ்’ என்ற சேற்றுத் திருவிழா பல ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் நடந்தது. வருகிற வண்டிகளில் பல ஏ.டி.வி.: பைக் மாதிரி கால் போட்டு உட்கார்ந்து, ஹேண்டில்பார் பிடித்து ஓட்டுகிற நாலு சக்கர வண்டி.

அந்த வட்டாரத்தில் கிளட்ச் வேலை மட்டுமே செய்கிற ஒரு பட்டறை இருக்கிறது. எஞ்சினைத் தொடமாட்டார்கள், பெயின்ட் அடிக்கமாட்டார்கள். பெரிய டயர் போட்டதும் இழுக்காமல் போன வண்டிகள்தான் அங்கே வருகின்றன. முதலாளிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கூட வேலை செய்வது இருபதுகளில் இருக்கும் ஒரு பெண். இருவரும் ஒரு வண்டியை முழுதாகச் செட் பண்ணி முடிக்கும் வரை பார்க்க வேண்டும் என்று கேட்டேன். “பார்க்கலாம். ஆனால் பாதி நேரம் நான் ரோட்டில்தான் இருப்பேன்” என்றார் பெரியவர்.

இந்த வண்டியில் கியர் மாற்றுகிற வேலையைச் செய்வது ஒரு ரப்பர் பெல்ட்டும் இரண்டு புல்லிகளும். அந்தப் புல்லிகளைத்தான் இவர்கள் ‘கிளட்ச்’ என்கிறார்கள். நம்மூரில் ஸ்கூட்டியோ ஆக்டிவாவோ ஓட்டுகிறவர்கள் தினமும் இதே சங்கதியின் மேல்தான் உட்கார்ந்து போகிறார்கள். முன் புல்லி எஞ்சின் தண்டோடு சுற்றும். அதற்குள்ளே இருக்கும் வெயிட்டுகள், சுற்றும் வேகம் கூடக் கூட வெளியே விரிந்து புல்லியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கும். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், பின் புல்லியில் கீழே இறங்கும், வண்டி வேகமெடுக்கும். நம் ஸ்கூட்டரில் அந்த வெயிட் உருளை வடிவத்தில் இருக்கும், ‘ரோலர்’ என்போம். நான் பார்த்த ஏ.டி.வி.யில் அது கீல் போட்ட சிறு இரும்புக் கை. வெயிட்டுகளை எதிர்த்துத் தள்ள ஒரு ஸ்பிரிங் உண்டு. பின் புல்லியில் இன்னொரு ஸ்பிரிங்கும், ‘ஹெலிக்ஸ்’ என்கிற சாய்வான வெட்டுப் பாதை கொண்ட ஒரு பாகமும் இருக்கும். சக்கரத்துக்குப் பாரம் கூடினால் இந்த ஹெலிக்ஸ் பின் புல்லியை இறுக்கி, பெல்ட்டை மறுபடி கீழ் கியர் நிலைக்கு இழுத்து வரும். இத்தனையும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்க, நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது பெல்ட்.

காரில் இந்த ஏற்பாட்டை வெற்றிகரமாக விற்றுக் காட்டியது நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம், 1958-இல். வட அமெரிக்காவில் இதைக் கரைத்துக் குடித்தவர்கள் பனிவண்டிக்காரர்கள். மினசோட்டாவின் வடகோடியில் ரோசோ என்ற ஊரில் பனிவண்டி செய்துகொண்டிருந்த போலாரிஸ், 1985-இல் தன் முதல் ஏ.டி.வி.யைக் கொண்டுவந்தபோது அதே பெல்ட்டையும் புல்லியையும் அதில் வைத்தது. அப்படித்தான் பனிக்காட்டின் கைத்தொழில் தெற்கத்திச் சேற்றுக்கு வந்து சேர்ந்தது. பெரியவரும் இளமையில் மினசோட்டாவில் பனிவண்டிப் பந்தயக்காரர்களிடம் தொழில் கற்றவர். ஓலாவ் ஆன் எழுதிய கிளட்ச் டியூனிங் கையேடு அவர் மேசையில் முதுகு பிய்ந்து கிடக்கிறது. பனியில் ஓட்டினாலும் சேற்றில் ஓட்டினாலும் முதலில் அதைப் படித்துவிட்டு வா என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாராம்.

அன்று நின்றது 850 சி.சி. வண்டி. கம்பெனி டயர் 26 இன்ச். உரிமையாளர் 30 இன்ச் சேற்று டயர் போட்டிருந்தார், வெளியே வாங்கிய ஒரு முன் கிளட்ச்சும் மாட்டியிருந்தார். அவரிடம் பெரியவர் முதலில் கேட்டது கிளட்ச்சைப் பற்றி அல்ல. உங்கள் எடை என்ன, பின்னால் என்ன ஏற்றிக்கொண்டு போவீர்கள், ஓட்டுவது தண்ணீர்ச் சேறா களிமண்ணா, பெல்ட்டுக்கு அடுத்த கியர்பெட்டியில் லோ போடாமல் ஹை கியரிலேயே வைத்திருப்பீர்களா. கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினார். பெண் அந்தத் தயக்கத்தையும் சேர்த்து நோட்டில் எழுதியதைப் பார்த்தேன்.

டயரைக் கழற்றித் தராசில் வைத்தார்கள். பழையது 11 கிலோ, புதியது 21. நாலு இன்ச் கூடியதால் தரையைத் தள்ளுகிற விசை 13 சதவீதம் போலக் குறைந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். எடைதான் பலர் யோசிக்காதது. அந்தப் பத்து கிலோவில் பெரும்பகுதி டயரின் வெளி விளிம்பில், பட்டை பட்டையாக நிற்கிற ரப்பர் கட்டைகளில் இருக்கிறது. டயரை மட்டும் கணக்கில் எடுத்தால், அதைச் சுழற்றத் தொடங்குவதற்கு முன்பைவிட இரண்டரை மடங்கு பாடுபட வேண்டும். அம்மிக்குப் பக்கத்தில் இருந்த ஆட்டுக்கல்லை முதல் சுற்று சுற்றியவர்களுக்கு இது கையிலேயே தெரியும். ஒவ்வொரு முறை ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போதும் அந்த முதல் சுற்றைப் பெல்ட் சுற்றியாக வேண்டும்.

மூடியைக் கழற்றியதும் உள்ளே கரித்தூள். பெண் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுத்தார். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல மினுங்கின. ஓரிடத்தில் மட்டும் அகலம் குறைந்து, இடுப்பு ஒடுங்கின மாதிரி தேய்ந்திருந்தது. சக்கரம் சேற்றில் சிக்கி நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் பெல்ட் நகராது, முன் புல்லி மட்டும் அதே இடத்தை அரைத்துக்கொண்டிருக்கும். அந்தத் தேய்வைக் காட்டிப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. உரிமையாளரே தலையை ஆட்டிக்கொண்டார்.

புது பெல்ட் போட்டு முதல் ஓட்டம். அந்த எஞ்சின் முழுப் பவர் தருவது 6,500 ஆர்.பி.எம். பக்கத்தில். ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தினால், வண்டி வேகமெடுத்துப் போகும் நேரம் முழுவதும் முள் அங்கேயே நிற்க வேண்டும். கிளட்ச் செட் பண்ணுவதன் இலக்கு மொத்தமும் இதுதான். பெரியவர் திரும்பி வந்து சொன்ன எண் 6,000. எஞ்சின் அமுங்குகிறது. மூடிக்குள் பொருத்தியிருந்த வெப்பமானி 110 டிகிரி செல்சியஸ் காட்டியது.

மூடியை மறுபடி திறந்து பின் புல்லியைக் கவனித்தார்கள். உரிமையாளர் யாரோ சொன்னார்கள் என்று கடையில் கிடைத்ததிலேயே மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டிருந்தார். பெரிய டயருக்குப் பெரிய ஸ்பிரிங் என்ற கணக்கு. கேட்க நியாயமாகத் தோன்றுகிற கணக்குத்தான். பின் ஸ்பிரிங் கடினமானால் பெல்ட் வழுக்காது, ஆக்ஸிலேட்டரை விட்டு அழுத்தினால் வண்டி சட்டென்று கீழ் கியருக்கு வரும். ஆனால் முன் வெயிட் கனமாக இருந்து, பின் ஸ்பிரிங்கும் முரட்டுத்தனமாக இருந்தால், இரண்டும் பெல்ட்டை நடுவில் போட்டு நசுக்கும். அந்த நசுக்கலுக்குச் செலவாகிற பவர் சக்கரத்துக்குப் போய்ச் சேராது, வெறும் சூடாகிவிடும். டயரின் இன்ச்சை மட்டும் கேட்டு ‘இந்தக் கிட்டைப் போடு’ என்று விற்பவர்கள் மேல் எனக்கு அன்றே நம்பிக்கை போய்விட்டது.

பின் ஸ்பிரிங்கை நடுத்தரமானதாக மாற்றினார்கள். அதனால் ஆர்.பி.எம். இன்னும் இறங்கும். அதை மீட்க முன் வெயிட்டைக் குறைக்க வேண்டும். இங்கேதான் அந்தப் பெண்ணின் வேலை. வெயிட் ஒவ்வொன்றையும் நகைக்கடைத் தராசு போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து, பத்தில் ஒரு கிராம் வித்தியாசம்கூட இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தார். ஒன்று கூடினாலும் கிளட்ச் அதிரும். அந்த வெயிட்டுகளில் மூன்று துளைகள் இருந்தன: கீலுக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று. துளைக்குள் திருகும் சிறு ஸ்க்ரூவைச் சேர்த்தோ எடுத்தோ எடையை மாற்றலாம். கீல் பக்கத்து எடை புறப்படும்போது பேசும், நுனி எடை வேகத்தில் பேசும். அவர் நுனியிலிருந்து இரண்டு கிராம் எடுத்தார். அவ்வளவுதானா என்று கேட்டேன். “நிமிடத்துக்கு ஆறாயிரம் முறை சுற்றுகிற இடத்தில் இரண்டு கிராம் இரண்டு கிராமாக இருக்காது” என்றார். மையவிலக்கு விசை வேகத்தின் இருமடியில் ஏறுவதை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை.

அடுத்து மார்க்கர் பேனாவை எடுத்தார். முன் புல்லியின் தட்டில் மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கறுப்புக் கோடு இழுத்தார். வண்டி ஓடும்போது பெல்ட் உரசிய இடம் வரை கோடு அழிந்துவிடும். எவ்வளவு தூரம் அழிந்தது என்று பார்த்தால் பெல்ட் எவ்வளவு உயரம் ஏறியது என்று தெரியும். எந்தக் கணினியும் வேண்டாம். ஓடிவிட்டு வந்தபோது விளிம்புக்கு முன்னால் கணிசமான கறுப்பு மிச்சம் இருந்தது. உரிமையாளர் அதைக் குறை என்று நினைத்தார். இந்த டயரை வைத்து இந்த ரோட்டில் இதற்கு மேல் ஏறவேண்டிய தேவை இல்லை, ஆர்.பி.எம். சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்று விளக்கினார் பெரியவர்.

அதன் பின் மதியம் முழுக்க இதேதான். கழற்று, இரண்டு கிராம் எடு, மாட்டு, ஓட்டு, திறந்து பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் பெரியவர் இறங்கியதும் மூடியைத் திறந்து புல்லிகளின் பக்கம் உள்ளங்கையைக் கொண்டுபோவார். எந்தப் புல்லி அதிகம் சுடுகிறதோ அங்கேதான் பெல்ட் வழுக்குகிறது. வெப்பமானி இருக்கிறதே என்றேன். அது மொத்தச் சூட்டைச் சொல்லும், எந்தப் புல்லி என்று சொல்லாது என்றார்.

முன் ஸ்பிரிங்கையும் மாற்றி, பெல்ட் பிடிக்கத் தொடங்கும் இடத்தை 1,400-இலிருந்து 1,700-க்கு ஏற்றினார்கள். எஞ்சின் கொஞ்சம் மூச்சு வாங்கிய பிறகு அந்தக் கனமான டயரைத் தொடட்டும் என்பதற்காக. இன்னும் ஏற்றலாமே என்று உரிமையாளர் கேட்டார். ஏற்றினால் மெல்ல ஊர்ந்து போக வேண்டிய இடத்தில் வண்டி துள்ளும் என்று பெரியவர் மறுத்துவிட்டார். ஹெலிக்ஸைத் தொடவே இல்லை.

கடைசி ஓட்டத்தில் முள் 6,450-க்கும் 6,500-க்கும் நடுவே நின்றது. சூடு 75 டிகிரி. வெயிட் ஒவ்வொன்றிலும் மொத்தம் ஆறு கிராம் குறைந்திருந்தது.

இதனாலெல்லாம் 30 இன்ச் டயர் 26 இன்ச் ஆகிவிடாது என்பதையும் பெரியவர் மறைக்கவில்லை. கிளட்ச் இல்லாத பவரை உண்டாக்காது, இருக்கிற பவரைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும். இதற்கு மேல் டயர் ஏற்றினால் கியர்பெட்டிக்குள் பல்சக்கரத்தையே மாற்ற வேண்டும். லோ கியரையும் மறக்கக் கூடாது. மணிக்கு 7 மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டினால் லோ கியர் போடுங்கள் என்று போலாரிஸ் தன் வண்டிக் கையேட்டிலேயே சொல்கிறது. சேற்றில் பெரும்பாலும் அதற்கு மேல் போவதில்லை. ஆனாலும் ஹை கியரில் கிடந்து பெல்ட்டைக் கருக்குகிறவர்கள்தான் அதிகம்.

பில் போடும்போது ஒன்று கவனித்தேன். ஸ்பிரிங்குகளுக்கும் பெல்ட்டுக்கும் விலை இருந்தது, கழற்றி மாட்டுவதற்குக் கூலி இருந்தது. பெரியவர் ரோட்டில் கழித்த நேரத்துக்கு எதுவும் இல்லை. ஏன் என்று பெண்ணிடம் கேட்டேன். “போட்டால் சண்டை வரும். ‘என் வண்டியை ஓட்டிச் சுற்றியதற்கு நான் பணம் தரணுமா’ என்பார்கள்” என்றார். ஆனால் அன்றைய வேலை முழுவதும் அந்த ஓட்டத்தில்தான் நடந்தது. பட்டறைக்குள் நடந்தது அதற்கான தயாரிப்பு. அவர் கையில் இருந்த நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம்: டயர், ஓட்டுகிறவரின் எடை, ஸ்பிரிங்கின் நிறம், வெயிட், ஆர்.பி.எம்., சூடு. இந்தத் தொழிலுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் எதையும் அவர்கள் பார்த்ததில்லை. காசு வாங்காத அந்த ஓட்டங்களிலிருந்து சேர்ந்த அறிவுதான் அந்த நோட்டு.

ஊரில் ஸ்கூட்டருக்கு ரோலர் மாற்றிய மெக்கானிக்கும் சாவியை உடனே தரமாட்டார். “ஒரு ட்ரையல் பார்த்துட்டு வந்துடறேன் சார்” என்று தெருவைச் சுற்றிவிட்டு வந்து, மறுபடி எதையோ கழற்றுவார். அந்த ட்ரையலுக்கு நாம் யாரும் காசு கொடுப்பதில்லை. அடுத்த முறை வண்டியை விடும்போது, எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள், எந்த மேட்டில் இழுக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ட்ரையல் போய் வந்த நேரத்தையும் கூலியில் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள்.