அக்கா பேசவில்லை

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயரானவன் நான். பெரம்பூரிலேயே தங்கிவிட்டேன். போன வருஷம் மகன் வீட்டில் இன்டர்நெட் போன் ஒன்று வைத்தான்.

சிங்கப்பூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். மணி அடித்தது; எடுத்தால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூன்று நாள் இதே கதை. ஊர் வீட்டை விற்றதில் அவளுக்கு என்மேல் வருத்தம் உண்டு. கூப்பிட்டுவிட்டு வாய் திறக்க மாட்டேன் என்கிறாளே! மூன்றாம் நாள், "தப்பு என்னுதுதான்க்கா, மன்னிச்சிடு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் பார்த்துவிட்டு, "ஃபயர்வால்ப்பா" என்றான். அழைப்பு வருவது 5060 என்ற போர்ட் வழியாக. குரல் வருவது வேறு போர்ட்டில். அது எது என்று ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகப் பேசி முடிவாகும். எங்கள் ஃபயர்வால் மணியை விட்டது, குரலை யாரோ அந்நியன் என்று தள்ளிவிட்டது. உள்ளேயிருந்து வெளியே போவதைத் தடுக்கவில்லை.

எங்கள் கேபினில் பாயின்ட் சேர்ந்து பூட்டினால்தான் கைகாட்டி இறங்கும். இங்கே கைகாட்டி இறங்கியிருக்கிறது, லைன் போடவில்லை!

"எல்லாத்தையும் திறந்து விட்டுடேன்" என்றேன். "திருடனும் வருவான்" என்று, போன் கம்பெனி சர்வரிலிருந்து வரும் குரலுக்கு மட்டும் வழி விட்டு விதி எழுதினான்.

அப்புறம்தான் உறைத்தது, நான் பேசியதெல்லாம் அங்கே கேட்டிருக்கிறது.

சாயந்திரம் அக்கா கூப்பிட்டாள். "அன்னிக்கு ஒண்ணு சொன்னியே, இன்னொரு தரம் சொல்லுடா" என்றாள்.