தங்கையின் மறுதேர்வு



ஓட்டுநர் உரிமத்தை நம்மில் பலர் வெறும் அட்டையாகவே கருதுகிறோம். சட்டைப் பையில் இருக்க வேண்டும், காவலர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதன் பொருள் அதைவிடப் பெரிது. ஒரு வாகனத்தையும், அதில் அமர்ந்திருப்போரின் உயிரையும், சாலையில் எதிரே வருவோரின் உயிரையும் இவரிடம் நம்பி விடலாம் என்று அரசு எழுதிக் கொடுக்கும் சாட்சியம் அது. அந்தச் சாட்சியத்தைப் பெறுவதற்கு என் தங்கை இரண்டாம் முறையாகத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். அவளருகே அமர்ந்து நான் கண்டவை, அச்சத்தோடு வாகனம் பழகும் வேறு சிலருக்கும் உதவலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

தங்கைக்கு வயது 38. அரியலூரில் இருக்கிறாள். மச்சானுக்குச் சவூதி அரேபியாவில் வேலை. நான் பெரம்பலூரில் கடை வைத்திருக்கிறேன். அத்தா தங்கையின் வீட்டில் இருக்கிறார். சிறுநீரகம் செயலிழந்ததால் அவருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்ய வேண்டியுள்ளது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். கொண்டுபோய் விடும் வாடகைக் கார் அவ்வளவு நேரம் காத்திருக்காது. சிகிச்சை முடிந்ததும் வேறு வண்டி தேட வேண்டும். அந்த வேளையில் அத்தாவால் பத்து நிமிடம்கூட நிமிர்ந்து உட்கார முடிவதில்லை. மச்சான் சென்ற விடுமுறையில் வாங்கிய பழைய கார் ஒன்று வாசலிலேயே தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அதை ஓட்டத்தான் ஆள் இல்லை.

தங்கை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். சொந்த வாகனம் ஓட்டக் கற்போருக்குப் பயிற்சிக் காலம் 21 நாள்களுக்குக் குறையக் கூடாது, அதில் வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 வகுத்துள்ள கணக்கு. அதை முறையாக முடித்துவிட்டே தேர்வுக்குச் சென்றாள். பின்னோக்கி ஓட்டும் கட்டத்தில் இயந்திரம் இருமுறை அணைந்துபோனது. கிளட்சின் மேலிருந்த இடது கால் நடுங்கி நிற்கவில்லை. "பதற்றம் தணியப் பழகிக்கொண்டு வாங்கம்மா" என்று ஆய்வாளர் கனிவாகவே சொல்லி அனுப்பினார்.

தேறாதவரைச் சட்டம் ஒதுக்கிவிடுவதில்லை. ஏழு நாள் கழித்து மீண்டும் தேர்வுக்கு வரலாம் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். மூன்று முறை தேறாவிட்டால்தான் 60 நாள் பொறுத்திருக்க வேண்டும். பழகுநர் உரிமமோ ஆறு மாதம் செல்லும். ஆகவே ஏழாம் நாளே ஓட வேண்டிய தேவையில்லை என்று முடிவு செய்து, ஐந்து வாரம் அவகாசம் எடுத்துக்கொண்டோம்.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். "இதற்கா இவ்வளவு கவலை? எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார். கொஞ்சம் செலவு செய்தால் அவளை வண்டியில் ஏற்றி இறக்கிவிட்டு முடித்துக் கொடுத்துவிடுவார்" என்றார். நான் வாய் திறப்பதற்கு முன் தங்கை பதில் சொன்னாள்: "மாமா, அந்த அட்டையை வாங்கிக்கொண்டு நான் அத்தாவைத்தானே ஏற்றிப் போக வேண்டும்? ஓட்டத் தெரியும் என்று அதில் பொய் இருந்தால் வழியில் யார் பிரேக் பிடிப்பார்கள்?"

லஞ்சம் ஹராம் என்பதும், பொய்ச்சாட்சி பெரும்பாவம் என்பதும் நாம் அறியாதவை அல்ல. ஆயினும் உரிமம் வாங்கும் இடத்தில் மட்டும் அவற்றை 'நடைமுறை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அச்சத்தால் கால் நடுங்கும் ஒரு பெண் அந்த வழியை மறுத்தபோது, அவளிடம் இருப்பது கோழைத்தனம் அல்ல என்பது எனக்கு விளங்கியது. உயிரின் மதிப்பை உணர்ந்தவருக்கு வரும் அச்சம் அது. அதைப் போக்க வேண்டியதில்லை, கைக்கு அடங்குமாறு பழக்கினால் போதும்.

எங்கே அச்சம் வருகிறது என்று முதலில் உட்கார்ந்து எழுதினோம். மூன்று இடங்கள் தென்பட்டன. பயிற்சிப் பள்ளியின் காரில் பயிற்றுநரின் காலடியிலும் பிரேக், கிளட்ச் உண்டு. இக்கட்டு வரும்போதெல்லாம் அவர் அழுத்திவிடுவார். ஆதலால் தன் காலின் மீது தங்கைக்கு நம்பிக்கை உண்டாகவே இல்லை. இது முதலாவது. பின்னோக்கிச் செல்வதும் மேட்டில் நிறுத்தி எடுப்பதும் இரண்டாவது. திடலைச் சுற்றி நின்று பார்க்கும் கண்கள் மூன்றாவது.

முதல் வாரம் எங்கள் வண்டி வாசலைவிட்டு நகரவில்லை. இருக்கையை முன்னே இழுத்து, கிளட்சை முழுதும் மிதித்தாலும் முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி வைத்தோம். குதிகாலைத் தரையில் ஊன்றியதும் பாதி நடுக்கம் நின்றது. பாதி தூரம் நீட்டிய கால்தான் அவ்வளவு ஆட்டம் போட்டிருக்கிறது! புர்காவின் கீழ்விளிம்பு பெடலில் சிக்காதவாறு ஒதுக்கிக்கொள்வதும், தட்டையான செருப்பு அணிவதும் அன்றே வழக்கமாயின. பிறகு ஒரு வெற்றுத் திடலில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விட்டு வண்டியை நகர்த்தினாள். ஐம்பது முறையாவது செய்திருப்பாள். கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காதும் காலும் அறிந்துகொண்ட பின் இயந்திரம் அணைவது அரிதாயிற்று.

தேர்வில் என்னென்ன பார்க்கப்படும் என்பதில் மறைபொருள் ஏதுமில்லை. விதிகளின் 15-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது: புறப்படுமுன் வண்டியைச் சரிபார்த்தல், கண்ணாடிகளைத் திருத்துதல், குலுக்கலின்றி நகர்த்துதல், மேட்டில் நிறுத்திப் பின்னே உருளாமல் மீண்டும் எடுத்தல், முந்துதல், பிறரை முந்தவிடுதல், குறுகிய இடத்திற்குள் பின்னோக்கிச் செலுத்துதல் எனப் பல. அந்தப் பட்டியலைத் தாளில் எழுதிக் காரிலேயே ஒட்டினோம். 'தைரியமாக ஓட்டு' என்று சொன்னால் எதைச் செய்வது என்று யாருக்கும் விளங்காது. 'இன்று பின்னோக்கி மட்டும் பத்து முறை' என்றால் விளங்கும். தண்ணீர் நிரப்பிய நான்கு பிளாஸ்டிக் குடங்களை எல்லையாக வைத்துப் பின்னோக்கிப் பழகினாள். ஏரிக்கரைச் சரிவில் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தி, கிளட்ச் பிடித்து இயந்திரத்தின் ஓசை சற்றே தாழ்ந்ததும் கைப்பிரேக்கை விடப் பழகினாள். சரிவில் அவசரம் ஆகாது என்பதை அந்த ஓசையே அவளுக்குக் கற்றுக் கொடுத்தது.

மூன்றாவது அச்சத்திற்கு மருந்து தங்கையே கண்டுபிடித்தாள். "அண்ணே, எல்லாரும் பார்க்கட்டும். பார்க்கப் பார்க்கத்தான் பழகும்" என்று சொல்லி, மாலையில் தெருப் பிள்ளைகளையும் பெண்களையும் திடலுக்கு அழைத்தாள். முதல் நாள் சிரிப்பு, இரண்டாம் நாள் அறிவுரை, நான்காம் நாள் வேடிக்கை பார்க்க ஆளே இல்லை. 1991-ஆம் ஆண்டில், திருச்சிக்குத் தெற்கேயுள்ள புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். ஒருத்தி தனியாக ஓட்டினால் ஊர் பார்க்கும், ஊரே ஓட்டினால் யாரைப் பார்ப்பது? மச்சானிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, சவூதியில் 2018 ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டத் தொடங்கியதை நினைவூட்டினார். "முதலில் திரும்பிப் பார்த்தவர்கள் இப்போது பார்ப்பதில்லை" என்றார்.

ஞாயிறுதோறும் ஃபஜ்ர் தொழுகை முடித்துக்கொண்டு நான் அரியலூர் செல்வேன். 'எல்' எழுத்து ஒட்டிய காரில் பெரம்பலூர்ச் சாலையில் புறப்படுவோம். சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் விடியற்காலையிலும் அங்கே ஓய்வதில்லை. அறுவடைக் காலமாயின் சாலையோரத்தில் மக்காச்சோளம் காயும். இருக்கும் சாலையும் ஒடுங்கிவிடும். பின்னால் லாரியின் ஒலிப்பான் கேட்டால் தங்கையின் தோள்கள் இறுகும். "முந்தவிடுவதும் பட்டியலில் இருக்கிறதே" என்று ஒருநாள் நினைவூட்டினேன். சிரித்துவிட்டாள். வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் ஒதுங்கி, லாரிக்கு வழிவிட்டாள். அன்று முதல் ஒலிப்பான் அவளுக்கு வசையாகத் தோன்றவில்லை.

கற்பவரின் அருகே உரிமம் பெற்றவர் ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும்படி அமர வேண்டும் என்பது விதி. எங்கள் காரில் என் காலடியில் பிரேக் இல்லை. கைப்பிரேக்கும் என் வாயும்தான் என்னிடம் உள்ளவை. ஆகவே புறப்படுமுன் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். 'நிறுத்து' என்ற ஒரு சொல்லை மட்டுமே வழியில் நான் சொல்வேன், மற்றவை எல்லாம் வண்டி நின்ற பின். மூன்றாவது ஞாயிறு அந்தச் சொல்லுக்கும் வேலை இருக்கவில்லை. தவக்குல் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். செய்ய வேண்டியதை முழுதும் செய்துவிட்டு முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதுதான் அது. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பயண துஆ ஓதிய பின், தங்கை மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகத் திருத்துவதைப் பார்க்கும்போது அந்தச் சொல்லின் இரு பாதிகளும் ஒருசேரத் தெரிகின்றன.

வரும் செவ்வாய்க்கிழமை தேர்வு. தேறுவாளா என்பது எனக்குத் தெரியாது. தேறாவிட்டால் இன்னும் ஏழு நாள், இன்னும் சில ஞாயிறுகள். வீட்டில் தாயோ மனைவியோ தங்கையோ மகளோ வாகனம் பழக அஞ்சி நின்றால், 'உனக்கெல்லாம் வராது' என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுடைய அச்சத்தைப் பட்டியலிட்டுக் கேளுங்கள். விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அருகே அமருங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்காகவும், அவள் ஓட்டும் வண்டியில் ஏறக் காத்திருக்கும் எங்கள் அத்தாவுக்காகவும் துஆ செய்யுங்கள்.