சூடு தாங்குமா, பெற்றோல் தாங்குமா?

கொழும்பில் பத்திரிகைத் தொழில் செய்தவர்களுக்கு வீடு திரும்பும் நேரம் என்று ஒன்று இருந்ததில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் குடியிருந்தேன். அலுவலகம் கொழும்பு வடக்கில் இருந்தது. முதற்பக்கத்தை முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது நள்ளிரவு கடந்திருக்கும். பஸ் கிடையாது. வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். அந்த நாட்களில் என்னை வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்த்தது, இரண்டாம் கையாக வாங்கிய ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிள்.

98 சீசீ கொண்ட சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பின்னால் நீலப் புகை விட்டாலும் உதைத்தவுடன் உயிர்பெறும். ஒருமுறை அதன் கிராங் பெயரிங் இரைச்சலிடத் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடம் கொடுத்தேன். பெயரிங்கை மாற்றுவதற்கு எஞ்சினின் அடிப்பெட்டியை, அதாவது கிராங் கேஸை, தேங்காயைப் போல இரண்டாகப் பிளக்க வேண்டும். வேலை முடிந்து அந்த இரு பாதிகளையும் மீண்டும் பொருத்தும் இடத்தில்தான் பசை தேவைப்படுகிறது. வெஸ்பா, பஜாஜ் ஸ்கூட்டர்களில் அவ்விடத்தில் கடதாசிப் பெக்கிங் ஒன்று இருக்கும். யமஹாவில் அது இல்லை. அலுமினியத்தோடு அலுமினியம், நடுவில் பசையின் மெல்லிய படலம் மட்டுமே. கடதாசி வைத்தால் அதன் தடிப்பு கிராங்கின் பக்கவாட்டு இடைவெளியையே மாற்றிவிடும்.

அவர் ஒரு பசையின் பெயரைச் சொல்லி என்னைப் பஞ்சிகாவத்தைக்கு அனுப்பினார். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த அந்த வீதியில் நான்கைந்து கடைகள் ஏறி இறங்கியும் அது கிடைக்கவில்லை. கடைசியாக ஏறிய கடையில், எந்தப் பசை அதிகச் சூடு தாங்கும் என்று நானாகவே கேட்டேன். சிலிகோன் டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். 300 பாகைச் சூட்டைத் தாங்கும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது. அச்சிட்டதை நம்புவது எங்கள் தொழில் வியாதி.

மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது வேற வேலைக்குப் போடுறது தம்பி. திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்தா நான் தேடி எடுத்துக்கிறேன்” என்றார். எனக்கோ அன்றிரவே வண்டி வேண்டும். “போடுங்கள் அண்ணே, பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். அவர் போட்டார். ஆகவே, பின்னர் நடந்ததற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

மூன்று வாரம் ஓடியது. இறக்கத்தில் திறொட்டிலை மூடினாலும் எஞ்சின் உடனே தணியாமல் வேகமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. கார்பரேற்றரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நான்காவது வாரம், இரவு ஒரு மணியளவில், கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடிக்கு முப்பது யார் முன்னே, மெலிந்த ஒரு கீச்சொலி எழுந்தது. மறுகணம் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளச்சைப் பிடித்திருந்தால் சக்கரம் விடுபட்டிருக்கும். பிடிக்கத் தோன்றவில்லை. வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு நேரே சாவடியை நோக்கிப் போய் விழுந்தது.

அந்தக் காலத்துக் கொழும்பை அறிந்தவர்களுக்கு, அந்த நேரத்தில் ஒரு தமிழனின் வண்டி நிற்காமல் சாவடியை நோக்கி வருவதன் பொருள் விளங்கும். துப்பாக்கிகள் உயர்ந்தன. வீதியில் கிடந்தபடியே இரண்டு கைகளையும் தூக்கினேன். அடையாள அட்டை, பத்திரிகையாளர் அட்டை, பையைக் கவிழ்த்துச் சோதனை. பத்து நிமிடத்தின் பின்னர்தான் மூச்சு வந்தது. அவர்களுள் ஓர் இளைஞன் குனிந்து சிலிண்டருக்கு அருகே கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டான். “எஞ்ஜிம ஹிரவெலா” என்றான். எஞ்சின் இறுகிவிட்டது. அவன் வீட்டிலும் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி இருந்திருக்க வேண்டும். ஆறும்வரை என்னை அங்கேயே உட்காரச் சொன்னான்.

மறுநாள் கொட்டாஞ்சேனையில் கேஸை மீண்டும் பிளந்தபோது, மெக்கானிக் விளிம்பில் விரலை ஓட்டினார். சிலிகோன் ஊறிய சவ்வரிசி போலப் பொங்கி, நாடா நாடாகக் கையோடு வந்தது. “சூடு தாங்குமான்னு பார்த்தீங்க தம்பி. பெற்றோல் தாங்குமான்னு பார்க்கலியே” என்றார்.

அவர் அன்று விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங் கேஸ் வெறும் பெட்டியன்று. அது ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது காற்றும் பெற்றோலும் கலந்த கலவை அதற்குள் உறிஞ்சப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அமுக்கப்பட்டு மேலே தள்ளப்படுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால், ஒரு செக்கனில் நூறு முறை இந்த உறிஞ்சலும் தள்ளலும். இணைப்பில் மயிரளவு வழி கிடைத்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்தால் எரிதல் கடுமையாகச் சூடேறும். அலுமினியப் பிஸ்டன், தன்னைச் சூழ்ந்த வார்ப்பிரும்பு உறையைவிட அதிகமாக விரியும். விரிந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் கேஸின் விளிம்போ, உள்ளே வரும் புதுக் கலவையால் எப்போதும் குளிர்ந்துகொண்டே இருப்பது. 300 பாகை தாங்கும் பசைக்கு அங்கே வேலையே இல்லை. நான் கேட்ட கேள்வியே பிழை.

இந்தக் கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. 2022 எரிபொருள் நெருக்கடியின்போது, கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வரிசையில் நிற்க வயது இடம்கொடாமல் வண்டியை மூலையில் நிறுத்தினேன். வெள்ளவத்தைக் கடற்காற்று தன் வேலையைக் காட்டிவிட்டது. பெயரிங் துருவேறி, ஒயில் சீல்கள் கல்லாகிவிட்டன. கொட்டாஞ்சேனை அண்ணர் காலமாகிப் பல ஆண்டுகள். இப்போது வண்டியைப் பிரித்தவன் என் தங்கையின் மகன். “மாமா, எல்லாரும் இதைத்தானே போடுறாங்கள்” என்று அவனும் ஒரு சிலிகோன் டியூப்போடு வந்தான்.

அவன் சொன்னதும் பொய்யல்ல. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் கேஸில் இருப்பது எண்ணெய் மட்டுமே. அங்கே நல்ல சிலிகோன் பல்லாண்டு நிற்கும். இலங்கையில் 2008 தொடக்கம் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. புகையை நினைத்தால் சரியான முடிவுதான். ஆனால் அதற்குப் பிறகு தொழில் பழகிய பிள்ளைகளின் கைக்கு ஃபோர் ஸ்ட்ரோக் வழக்கமே தெரியும்.

பெற்றோல் தாங்கும் பசைகள் சில உண்டு. யமஹா போண்ட் 4, திரீபோண்ட் 1104 போன்றவை அரைகுறையாக உலர்ந்து, இறப்பர் போல நெகிழ்ந்து நிற்பவை. என் தெரிவு இவைதான். ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனம் தன் விமான எஞ்சின்களுக்காக உருவாக்கிய நீலநிற ஹைலோமார் என்றுமே இறுகுவதில்லை. அடிக்கடி பிரிக்கும் எஞ்சினுக்கு வசதி. காற்றுப் படாத இடத்தில் இறுகும் லொக்டைட் 518 போன்றவை, முகங்கள் பழுதில்லாமல் இருந்தால் மிக நன்று. முன்னோர் பாவித்த அரக்குக் கரைசலும் பெற்றோலுக்கு அசையாது. ஆனால் அரக்கு மதுசாரத்தில் கரையும் பொருள். ஆகவே 20 சதவீதம் எத்தனோல் கலந்த பெற்றோல் ஊற்றும் தமிழ்நாட்டு அன்பர்களும், 10 சதவீதக் கலப்புப் பாவிக்கும் கனடா உறவுகளும் அதைத் தொடாதிருப்பது நல்லது.

எதைப் பூசினாலும் கூடுதலாகப் பூசக்கூடாது. உள்ளே பிதுங்கும் துணுக்கு பெயரிங்குக்குப் போகும் எண்ணெய்த் துவாரத்தை அடைத்துவிடும். பழைய பசையை மரச்சீவலால் சுரண்டி, தின்னரால் துடைத்து, ஒரு பாதியில் மட்டும் விரலால் மெல்லப் பூசினோம். சில நிமிடம் காயவிட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக மாறி மாறி முறுக்கினோம்.

சிலிண்டரையும் பூட்டியபின் சோதனை. உள்வழியையும் புகைவழியையும் இறப்பரால் அடைத்து, சதுர அங்குலத்துக்கு ஆறு இறாத்தல் அளவில் காற்றடித்துப் பார்க்க வேண்டும். அதற்கான கருவி எங்களிடம் இல்லை. வீட்டில் இருந்தது இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. அதன் வட்டில் 300 என்று காட்டும் இடம் ஏறத்தாழ அதே ஆறு இறாத்தல்தான். குமிழை அமுக்கினோம். ஊசி 300-ஐத் தொட்டு, மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. சவர்க்கார நுரை தடவினோம். கேஸின் அடிப்புறத்தில் ஒரேயொரு குமிழ் ஊதியது. விளிம்பில் நீளமான ஒரு கீறல். எந்த ஆண்டு, யாருடைய ஸ்குரூ டிரைவர் போட்டதோ.

எல்லாவற்றையும் கழற்றி, கீறலின் ஓரத்தில் எழும்பி நின்ற பிசிரைத் தேய்த்து மட்டமாக்கி, மறுபடியும் பூசிப் பூட்டினோம். இம்முறை ஆறு நிமிடமாகியும் ஊசி அசையவில்லை. “மாமா, உங்கட பிரஷரும் இப்பிடி நிண்டால் நல்லம்” என்று சொல்லிவிட்டு மருமகன் கை கழுவப் போனான்.