அப்பாவின் பாயிண்டுகளும் ஒரு ஆம்பியர் ஃபியூசும்

"கனெக்ட் பண்ணித்தான் பார்ப்போமே, என்ன ஆகிடப் போகுது?" இப்படிச் சொல்லிட்டு வயரைச் செருகுற ஆளா நீங்க? நானும் அப்படித்தான் இருந்தேன். என்ன ஆகும்னு சொல்றேன், கேளுங்க.

எங்க ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரியிலிருந்து ஈசிஆரில் வடக்கே வந்தால் கடலை ஒட்டி இருக்கும். அப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறார். முன்பெல்லாம் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒரே நேராக வைத்துத்தான் கடலுக்குள் இடம் கண்டுபிடிப்பார்களாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது அப்படிப்பட்ட மரங்கள் பல சாய்ந்துவிட்டன. இப்போது எல்லாம் ஜிபிஎஸ்தான். எந்த இடத்தில் பார் இருக்கு, எங்கே வலை பாறையில் மாட்டும் என்று பல வருஷமாக அவர் சேர்த்த பாயிண்டுகள் எல்லாம் அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருந்தன. அதில் மெமரி கார்டு போட இடம் கிடையாது.

"செட்டு கெட்டா எல்லாம் போயிடும்பா. லேப்டாப்ல ஏத்தித் தரேன்" என்றேன். லேபில் கிடந்த யூஎஸ்பி-டிடிஎல் மாட்யூலை எடுத்து வந்தேன். செட்டின் கேபிள் ஏற்கெனவே ஒருமுறை அறுந்து, வேறு வயர் போட்டு ஒட்டப்பட்டது. நான் நிறத்தை நம்பினேன். டேட்டா என்று நினைத்து நான் மாட்டியது 12 வோல்ட் பாசிட்டிவ்.

கருகின வாசனை. லேப்டாப் அணைந்தது. செட்டின் திரையும் இருண்டது.

அப்பா திட்டவில்லை. "பாயிண்ட் போச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கு.

நல்லவேளையாக பேட்டரி லைனில் இருந்த ஒரு ஆம்பியர் ஃபியூஸ்தான் போயிருந்தது. புதுசு போட்டதும் செட் உயிர் பெற்றது, பாயிண்டுகளும் இருந்தன. மாட்யூலும் லேப்டாப்பின் ஒரு யூஎஸ்பி போர்ட்டும் போனது போனதுதான்.

பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. வயர் சரியாக இருந்திருந்தாலும் நான் செய்தது தப்புதான். அந்த செட் என்எம்இஏ 0183 முறையில், ஆர்எஸ்-232 அளவில் பேசுகிறது. சும்மா இருக்கும்போதே அதன் டேட்டா லைன் மைனஸ் வோல்ட்டில் நிற்கும். டிடிஎல் மாட்யூலுக்கு 0 முதல் 5 வோல்ட்தான் தாங்கும். வேறு சில செட்டுகள் ஆர்எஸ்-422. அவற்றில் ஏ, பி என்று இரண்டு வயர் வரும். அந்த பி-யை கிரவுண்டில் கட்டக் கூடாது.

இன்னொரு எமன் சார்ஜர். எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜ் ஏறும்போது லேப்டாப்பின் இரும்புப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், இல்லையா? அந்தக் கசிவு மின்சாரம் டேட்டா வயர் வழியாக செட்டுக்குள் போகப் பார்க்கும். அதனால்தான் ஆப்டோ ஐசொலேட்டர். அதில் டேட்டா வெளிச்சமாகத் தாண்டும், இரண்டு பக்கத்து மின்சாரமும் தொட்டுக்கொள்ளாது. கேட்கும் கருவி இப்படிப் பிரிந்திருக்க வேண்டும் என்று என்எம்இஏ தரமே சொல்கிறது.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. முதல் வேலையாக, ஒரு நாள் சாயங்காலம் அப்பா படிக்கப் படிக்க எல்லா பாயிண்டையும் நோட்டில் எழுதினேன். பிறகு மேனுவலைப் பார்த்து, மீட்டர் வைத்து ஒவ்வொரு வயரையும் அளந்தேன். சார்ஜரைக் கழற்றினேன். செட்டை அணைத்துவிட்டு, ஐசொலேட்டர் உள்ள ஆர்எஸ்-232 கேபிளை மாட்டினேன். வேகம் 4800, 8 பிட், பாரிட்டி இல்லை. செட்டை ஆன் செய்ததும் டாலர் குறியோடு வரி வரியாக லேப்டாப்பில் இறங்கியது.

அப்பா திரையைப் பார்த்தார். "சரி. அந்த நோட்டையும் தூக்கிப் போட்டுடாத" என்றார்.

நோட்டு இப்போது பாலித்தீன் கவரில் பத்திரமாக இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக யாருடைய கருவியையாவது கேட்டு வாங்கப் போறீங்களா? வயரைத் தொடுவதற்கு முன்னால் அதுக்குள்ளே அவங்களோட எத்தனை வருஷம் இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க.